மன்னிக்கும் பாத்தியதை யாருக்கு?

வியாபாரிகளாகிய நமக்குத் தெரிந்த ஒரு கணக்கு உண்டு. ஒருவர் மற்றொருவருக்கு 50 வெள்ளி கடன்பட்டிருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர் குறுக்கே வந்து, "போகட்டும், அந்தக் கடனைத் தள்ளிவிட்டேன்" என்று சொன்னால் கடன் தீர்ந்துவிடுமா? தீராது. கொடுத்தவர் மனமொப்பி விட்டாலன்றிக் கடன் கடனாகவே நிற்கும். பேரேடு எழுதிப் பிழைக்கும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பள்ளிக்கூடத்துப் பகடிவதை என்று வரும்போது மட்டும் இந்தக் கணக்கு பலருக்கு மறந்துபோகிறது. ஒரு பையன் பல நாளாக அடிபடுகிறான்; கைக்காசைப் பறிகொடுக்கிறான்; நிறத்தையும் தகப்பனாரின் தொழிலையும் சொல்லி ஏளனம் செய்யப்படுகிறான். சங்கதி வெளிவந்ததும் இரு தரப்புப் பெரியவர்களும் கூடுகிறார்கள். "பிள்ளைகள் சண்டைதானே, பெரிதாக்க வேண்டாம், பள்ளிக்கும் கெட்ட பெயர், குடும்பத்துக்கும் கெட்ட பெயர்" என்று பேசித் தேநீர் அருந்திக் கலைகிறார்கள். அடிபட்டவனை அங்கே ஒருவரும் கேட்பதில்லை. மறுநாள் காலை அதே வகுப்பில், அதே பையன்கள் நடுவில் அவன் போய் உட்கார வேண்டும்.

இதற்குச் சமாதானம் என்று பெயர் வைப்பது சரியா? பிறருக்கு வரவேண்டிய கடனை நாம் தள்ளுபடி செய்வதல்லவா இது? மனிதனுக்கு மனிதன் இழைத்த அநியாயம் ஹக்குல் இபாதைச் சேர்ந்தது. பாதிக்கப்பட்டவன் மன்னிக்காமல் அது தீராதென்பதை மத்ரஸாவில் ஓதும் சிறுவனும் அறிவான். பரிகாசத்தையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் ஹுஜுராத் அத்தியாயம் விலக்கியிருக்கிறது. அந்த விலக்கு பெரியவர்களுக்கு மட்டுமன்று.

சர்க்காரின் கடமை இவ்விடத்தில்தான் வருகிறது. பலமில்லாதவனுக்கு வரவேண்டியதைப் பதிந்து வைக்க ஓர் ஏடு வேண்டும். நம் நாட்டில் அது நெடுங்காலம் மெலிந்தே இருந்தது. 2024 ஜூலையில், இணையத்தில் இழிவு செய்யப்பட்ட தமிழ்ப்பெண் ஒருவர் கோலாலம்பூரில் மாண்ட துயரத்தையொட்டி, குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 வெள்ளி. 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டத்தின் அந்தப் பிரிவில் அதற்குமேல் இடமில்லை. பிறகு குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, மிரட்டியும் இழிவுபடுத்தியும் துன்புறுத்துவோருக்குச் சிறைத்தண்டனை விதிக்க 2025 ஜூலை 11 முதல் வழி பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பகடிவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறிற்று. பிள்ளைகளின் முறையீட்டைக் கேட்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்க அதில் ஏற்பாடு உண்டு. இதை நாம் வரவேற்கிறோம்.

ஆயினும் ஏடு இருந்தால் மட்டும் போதாது. திருநெல்வேலிச் சீமையிலுள்ள நாங்குநேரியில், சக மாணவர்களின் சாதிக் கொடுமை தாளாமல் பள்ளிக்குப் போகாதிருந்த 12ஆம் வகுப்பு மாணவன், ஆசிரியர் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அல்லாஹ்வின் அருளால் இருவரும் பிழைத்தனர். அவன் மறு ஆண்டுத் தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றான். தமிழக அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது; மாணவர் கையில் சாதியைக் காட்டும் வண்ணக்கயிறு கட்டலாகாது என்பது முதலாய்ப் பல யோசனைகளை அவர் 2024 ஜூனில் அளித்தார். நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பிள்ளையைப் பார்த்து "பயப்படாமல் சொல்" என்று கேட்பது எளிது. சொன்ன பிள்ளையை அன்று மாலையிலிருந்தே காத்து நிற்பதுதான் பெரிய கடமை.

"அடித்தவனும் பிள்ளைதானே, அவன் எதிர்காலம் என்னாவது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடன்பட்டவனைச் சிறையில் தள்ளுவது வேறு, கடனே இல்லையென்பது வேறு. அவன் தன் பிழையை அடிபட்டவன் முன்னிலையில் ஒப்புக்கொள்ளட்டும், பறித்ததைத் திருப்பித் தரட்டும், இனி நெருங்காதிருக்கட்டும். அதன்பின் மற்றவன் மனமுவந்து மன்னித்தால் அதுவே மன்னிப்பு. மூடி மறைத்தாலோ, தகப்பனாரின் செல்வாக்கு எதையும் தீர்க்கும் என்ற பாடத்தையே அவன் கற்றுக்கொள்கிறான். அதுவும் அவனுக்குச் செய்யும் அநியாயமே.

சகோதரர்களே! பந்திங் கடைத்தெருவில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் நம் கடைகளுக்கு வருகிறார்கள். ஒருவன் காசில் மூவர் நாள்தோறும் தின்பண்டம் வாங்குவது கல்லாவில் இருப்பவர் கண்ணில் படாமல் போகாது. கண்டவர் அந்தப் பையனைத் தனியே அழைத்து விசாரிக்க வேண்டும். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரிவிக்க வேண்டும். சமாதானம் பேச நம்மை அழைத்தால், உட்காருமுன் ஒன்றைக் கேட்போம்: "அடிபட்ட பையன் என்ன சொல்கிறான்?" அவன் பேசி முடிக்கும் வரை தேநீர் ஆறிப்போனாலும் குற்றமில்லை.