வழியும் அனுமதியும்

அனுமதி கேட்பது இழிவா? இக்கேள்வியை நம் முன் வைத்தவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். கேட்ட இடமோ வகுப்பறை அன்று. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறிச் செல்லும் மலைப்பாதை.

பழனி மலைத்தொடரின் அடிவாரத்துப் பள்ளியொன்றில் நாம் அரபும் தமிழும் கற்பித்து வருகிறோம். சென்ற ஆண்டு நம் மாணவர்களை ஒரு வேனில் கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்றோம். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் செல்வோர் இ-பாஸ் பெறும் முறை நடைமுறைக்கு வந்ததை வாசகர்கள் அறிவார்கள். சோதனைச் சாவடியில் நம் வேனும் நின்றது. சீட்டைப் பார்த்து வழிவிடச் சில நிமிடங்கள் ஆயின. அப்போதுதான் அம்மாணவன் கேட்டான்: "ஐயா, போன வாரம் பாலஸ்தீனத்துச் சோதனைச் சாவடிகளைப் பற்றிச் சொன்னீர்கள். நம்மையும் இங்கே நிறுத்தித்தானே சீட்டுக் கேட்கிறார்கள்? அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?"

உடனிருந்த பிள்ளைகள் சிலர் அவனை அதட்டினர். நாம் அவர்களைத் தடுத்தோம். ஏனெனில் பிழை அவனிடத்தில் இல்லை, நம்மிடத்தில் இருந்தது. முந்திய வாரப் பாடத்தில் அம்மக்கள் படும் துயரத்தைச் சொன்னோம். பிள்ளைகள் கண் கலங்கினர். சிலர் சினம் கொண்டனர். ஆனால் அத்துயரம் எதனால் அநீதியாகிறது என்பதை நாம் சொல்லவில்லை. உணர்ச்சியை ஊட்டினோமே அன்றி, உரைகல்லைக் கையில் கொடுக்கவில்லை. உரைகல் இல்லாத சினம் நாளை எவர்மீதும் பாயக்கூடும்.

மாலையில் ஏரிக்கரையில் பிள்ளைகளை அமர்த்தி, அக்கேள்வியையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

பிறர் இல்லத்துள் நுழையுமுன் ஸலாம் உரைத்து அனுமதி பெற வேண்டும் என்பது திருமறை கற்பிக்கும் ஒழுக்கம். அரபியில் இதனை 'இஸ்திஃதான்' என்பர். மும்முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிடில் திரும்பிவிட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. எனவே அனுமதி கேட்பது தன்னளவில் இழிவன்று, அது பண்பாடு. கேட்பவனுக்கும் அதில் மதிப்புண்டு, கேட்கப்படுபவனுக்கும் மதிப்புண்டு. ஆயினும் இவ்வொழுக்கம் விருந்தினனுக்கு உரியது. தன் வீட்டு வாயிலில் நின்று, தான் உள்ளே வரலாமா என வேறொருவனிடம் கேட்கும் நிலை ஒருவனுக்கு வருமாயின், அது ஒழுக்கம் அன்று, ஒடுக்குமுறை.

கொடைக்கானல் சீட்டை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தோம். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடைப் பருவத்திற்கு, வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதி நாட்களில் 6,000 வாகனங்கள் என நீதிமன்றம் வரம்பு விதித்தது. காரணம் என்ன? மலையின் சாலைகளும் நீரும் காடும் அதற்குமேல் தாங்கமாட்டா என்பதே. உள்ளூர் மக்களின் வாகனங்களுக்கு விலக்கு உண்டு. அரசுப் பேருந்துக்கும் விலக்கு உண்டு. சீட்டுக் கேட்டவர் எவரும் நம் குலத்தையோ சமயத்தையோ கேட்கவில்லை. ஆணை தவறெனக் கருதினால் அந்த நீதிமன்றத்திலேயே போய் முறையிடலாம். மலை ஒரு வீடு, மலைவாழ் மக்கள் வீட்டார், நாம் விருந்தினர். விருந்தினர் கேட்டு நுழைந்தோம், அவ்வளவே.

அடுத்து, அதே ஊரில் உள்ள கோஹினூர் மாளிகையைப் பற்றிச் சொன்னோம். காஷ்மீரத் தலைவர் ஷேக் முஹம்மது அப்துல்லாஹ், ஹஜ்ஜையும் வெளிநாட்டுப் பயணத்தையும் முடித்து 1965 மே மாதம் தில்லி திரும்பியபோது, இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்க் கைது செய்யப்பட்டார். முதலில் உதகையிலும் பின்னர் கொடைக்கானலில் இம்மாளிகையிலும் வைக்கப்பட்டார். 1967 வரை இங்கிருந்தார். 1968 ஜனவரியில்தான் தில்லியில் விடுதலை பெற்றார். அவருடைய அரசியலை ஏற்பதும் மறுப்பதும் வேறு விவாதம். ஆனால் வழக்கும் விசாரணையும் இன்றி அவர் இங்கே இருத்தப்பட்டார் என்பதை மறுப்பதற்கில்லை. "இவ்வளவு அழகான ஊரில்தானே வைத்தார்கள், ஐயா?" என்றாள் ஒரு மாணவி. குளிர்ந்த காற்றும் பசுமையும் அவருக்குக் குறைவின்றிக் கிடைத்திருக்கும். வீடு திரும்பும் வழி கிடைக்கவில்லை. இடத்தின் அழகு, அடைப்பட்டவனின் இழப்பை ஈடு செய்யாது.

இவ்வாறு பேசிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாய் திறவாதிருந்த மாணவன் ஒருவன், "எங்கள் கொள்ளுத்தாத்தாவிடமும் ஒரு சீட்டு இருந்ததாம், ராத்திரியானால் சாவடியில் போய்த்தான் படுப்பாராம்" என்றான். நாம் திகைத்துப் போனோம். அவன் குறிப்பிட்டது 'ராதாரிச் சீட்டு'.

வெள்ளையர் ஆட்சியில் 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் நம் மாகாணத்தில் செயற்படுத்தப்பட்டது. மதுரைச் சீமையின் பிரமலைக் கள்ளர் சமூகத்து ஆண்கள், குற்றம் செய்தவராயினும் அல்லாதவராயினும், கைரேகை பதிக்கப்பட்டனர். இரவில் அவர்கள் தம் வீட்டில் உறங்காமல், காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ இருந்து கணக்குக் கொடுக்க வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்து நின்ற மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கிற்று.

'ராதாரி' என்பது 'ராஹ்தாரி' என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு. 'ராஹ்' என்றால் வழி. வழியைக் குறித்த சொல்லே வழியை மறிக்கும் சீட்டுக்குப் பெயராயிற்று! நம் முன்னோர் வழிச்செல்வோரை எவ்வாறு மதித்தனர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரபியில் வழிப்போக்கனுக்கு 'இப்னுஸ் ஸபீல்', அதாவது 'வழியின் மகன்' என்று பெயர். ஸகாத்தில் அவனுக்கும் பங்குண்டு. தமிழில் 'ஆறு' என்றாலும் வழியே. பரிசில் பெற்றுத் திரும்புவோன், எதிர்ப்பட்ட வறியவனுக்கு வழி காட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக்கி 'ஆற்றுப்படை' எனப் பெயரிட்டது இம்மொழி. மலைபடுகடாம் மலைவழி செல்லும் கூத்தருக்கு வழி கூறும் நூலன்றோ?

இனிப் பாலஸ்தீனத்துக்கு வருவோம். மேற்குக் கரையில் இஸ்ரேல் 2002இல் கட்டத் தொடங்கிய தடுப்புச் சுவரும் வேலியும் ஏறத்தாழ 712 கிலோ மீட்டருக்குத் திட்டமிடப்பட்டவை. அவற்றின் பாதையில் ஏறக்குறைய 85 விழுக்காடு, எல்லைக் கோட்டின்மேல் அமையாமல் மேற்குக் கரைக்குள்ளேயே செல்கிறது. எல்லைக் கோட்டுக்கும் சுவருக்கும் இடையே சிக்கிக்கொண்ட நிலம் 2003இல் அடைக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கே பிறந்து வளர்ந்த பாலஸ்தீனர் தம் சொந்த வீட்டில் குடியிருக்கவே அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். மறுபுறத்து உழவர் தம் ஒலிவத் தோட்டத்துக்குச் செல்லவும் சீட்டு வேண்டும். வாயிற்கதவு திறக்கும் நாளும் வேண்டும். அதே நிலத்துக்குள் இஸ்ரேலியர் செல்லச் சீட்டு வேண்டியதில்லை. மேற்குக் கரையில் சாலைத் தடைகளும் சாவடிகளுமாக 849 தடைகள் இருந்ததாக 2025இல் ஐக்கிய நாடுகள் அவையின் மனிதநேய ஒருங்கிணைப்பு அலுவலகம் கணக்கிட்டது. இவற்றுக்கிடையே பள்ளி செல்லும் பிள்ளை, தன் பள்ளி எத்தனை கல் தொலைவு என்று சொல்லலாம். எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

மறுதரப்பின் வாதத்தையும் பிள்ளைகளிடம் நாம் மறைக்கவில்லை. 2000ஆம் ஆண்டுக்குப் பின்வந்த ஆண்டுகளில் இஸ்ரேலியப் பொதுமக்கள் பேருந்துகளிலும் உணவகங்களிலும் குண்டுவெடிப்புகளில் மாண்டனர். அதுவும் கொடுமையே, நிரபராதியின் உயிரைப் பறிப்பதற்கு நம் மார்க்கம் இடந்தரவில்லை. அச்சங்கொண்டவன் தன் கதவுக்குத் தாழ்ப்பாள் இடலாம். ஆனால் அண்டை வீட்டான் கதவுக்குத் தாழ்ப்பாள் இட்டு, அதன் சாவியைத் தன் மடியில் வைத்துக்கொள்ளலாமா? ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீன நிலத்தில் அச்சுவரைக் கட்டுவது பன்னாட்டுச் சட்டத்துக்கு முரணானது எனப் பன்னாட்டு நீதிமன்றம் 2004 ஜூலை 9 அன்று தன் கருத்துரையில் கூறிற்று.

கேள்வி கேட்ட மாணவன் இப்போது தானே விடை சொன்னான்: "இங்கே வந்தவர் கேட்கிறோம், ஐயா. அங்கே இருப்பவர் கேட்கிறார்." இதைவிடச் சுருக்கமாக நம்மாலும் சொல்லியிருக்க இயலாது.

எனினும் அன்று நம் நெஞ்சை உறுத்தியது வேறொன்று. ராதாரிச் சீட்டைப் பற்றிச் சொன்ன பிள்ளை மூன்று ஆண்டுகளாக நம் முன் வரிசையில் அமர்ந்திருப்பவன். ஜெருசலேமின் வாயில்களைப் பெயர் சொல்லி அறிந்திருந்த நாம், அவன் வீட்டு வரலாற்றை ஒருமுறையேனும் கேட்டறிந்ததில்லை. தொலைவில் உள்ளோரின் துயருக்காகத் துடிப்பது நம் கடமை. அவர்கள் நம்மவர் என்பதனால் மட்டும் துடிப்போமாயின், அது நீதியுணர்வு ஆகாது, இனப்பற்று ஆகும். அண்டை வீட்டாரின் முன்னோர்க்கு நேர்ந்ததையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்க்கும் பிள்ளையே பாலஸ்தீனப் பிள்ளைக்கும் உண்மைத் தோழனாவான். பெற்றோர் இதனைத் தம் இல்லங்களில் பிள்ளைகளோடு பேசிப் பார்க்க வேண்டுகிறோம்.

இருட்டும் வேளையில் மலையிறங்கினோம். காலையில் நின்ற அதே சாவடியில் இம்முறை எவரும் சீட்டுக் கேட்கவில்லை. வேன் நிற்காமலே கடந்தது. பிள்ளைகள் பின்னால் திரும்பி அச்சாவடியைப் பார்த்துக்கொண்டே வந்தனர். வீடு திரும்புவோரை எவரும் ஏன் என்று கேட்காதிருப்பது எத்துணை பெரிய நிஃமத் என்பதை அன்று அவர்கள் உணர்ந்திருப்பார்கள் என நம்புகிறோம்.