லூப்: யாருடைய சம்மதம்?
கிண்ணியா, மூதூர்ப் பெண்களுக்கு லூப் என்றால்தான் விளங்கும். செம்புக் கம்பி சுற்றிய சிறு கருவி. பத்தாண்டுவரை கர்ப்பத்தைத் தடுக்கும். இது கருக்கலைப்பே என்று நம்மில் சிலர் வாதிடுகிறார்கள். செம்பு பிரதானமாக விந்தணுவை முடக்கிக் கருக்கட்டலையே தடுப்பதால், அஸ்லோடு ஒப்பிடுவதுதான் பொருத்தம். குர்ஆன் இறங்கிய காலத்தில் தாங்கள் அஸ்ல் செய்ததாக ஜாபிர் (ரழி) அறிவித்திருக்கிறார். பிரசவ ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காப்பதை இமாம் கஸ்ஸாலி அதற்கு நியாயமாக ஏற்றார். 2009இல் பாலம் திறக்கும்வரை பாதையேறித் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குப் போன கிண்ணியாத் தாய்மாருக்கு அந்த ஆபத்தை விளக்கத் தேவையில்லை.

ஆனால் லூப்பில் சிந்தும் உதிரம் பெண்ணுடையது. முதல் மாதங்களில் அது கூடலாம், நாட்கள் நீளலாம். எது ஹைழ், எது இஸ்திஹாழா, தொழுவதா, நோன்பு பிடிப்பதா என்ற கணக்கும் அவளுடையதே. (நான் கேட்ட பயான்களில் இது வந்ததில்லை.)

அஸ்லுக்கு மனைவியின் சம்மதம் வேண்டுமென்று ஹனபி, மாலிகி, ஹன்பலி அறிஞர்கள் பொதுவாகச் சொன்னார்கள். நமது ஷாபிஈகளிடையே கருத்து பேதம். அந்தப் பேதம் ஆண் தன்னளவில் விலகிக்கொள்வது பற்றியது; அவளுடம்புக்குள் வைக்கும் பொருளுக்கு அதை எப்படி நீட்டுவது? வைப்பதையும் எடுப்பதையும் கணவனும் மாமியும் முடிவுசெய்துவிட்டு, குடும்பநல மாதிடம் அவளை அனுப்பிவைப்பது எந்த மத்ஹபில் சேர்த்தி?