குரலுக்கு அழுதவர்கள்

1959 நவம்பர் 1-ஆம் தேதி தியாகராஜ பாகவதர் சென்னையில் காலமானார். வயது 49தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் பெரியப்பா அன்று சாப்பிடவில்லையாம். பெரியம்மா சிதம்பரத்துப் பெண். மனத்தில் பட்டதை மறைக்கத் தெரியாதவள்.

"உயிரோடிருந்த மனுஷருக்கு ஒரு நாலணா டிக்கெட் வாங்க உங்களுக்கு மனசு வரவில்லை. இப்போது எதற்கு இந்த உபவாசம்?" என்று கேட்டாளாம்.

நியாயமான கேள்வி. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்டது. அந்தக் காலத்தில் பெரும்பகுதி பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையில் இருந்தார். பாடியவர் உள்ளே, பாட்டுக்குக் கூட்டம் வெளியே! வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல் விடுதலையானார். குற்றமற்றவர் என்றது கோர்ட். ஜனங்களோ வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள். 'ராஜமுக்தி', 'அமரகவி' எதுவும் பழையபடி ஓடவில்லை. சர்க்கரை வியாதி வேறு.

'அமரகவி' சிதம்பரத்தில் ஓடியபோது பெரியப்பா மாமனார் வீட்டில்தான் இருந்தார். போகவில்லை. "தளர்ந்துபோன மனிதரைப் பார்த்துவிட்டால் என் பாகவதர் போய்விடுவாரே!" என்பது அவர் சமாதானம்.

இதை அன்பு என்று ஒப்ப எனக்கு மனமில்லை. கொட்டகையில் பாட்டுக் கேட்ட தம் இளமையைத்தான் அவர் பத்திரப்படுத்திக்கொண்டார். ஆனாலும் அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கொடுத்தவன் போய்விட்ட பிறகு கடன்பட்டவன் அழுதால், அதுவும் அழுகைதானே?

அவர் மறைவுக்குப் பிறகு 'சிவகாமி' வெளிவந்தது. இருவரும் போனார்கள். கொட்டகையில் அழுதது பெரியம்மாவாம்.