பொறிக்கு உரியவர் யார்?

மாமல்லபுரத்தை அடுத்த கடலோரச் சிற்றூர் ஒன்றில், நம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தியின் வீட்டிலே, காலால் மிதித்து ஓட்டும் பழைய சிங்கர் தையற்பொறியைக் கண்டோம். அவள் பாட்டி தம் உழைப்பால் வாங்கியது அது. இன்று அதன்மீது பட்டுத்துணி. நெற்றியிலே மஞ்சள், குங்குமம். ஆயுத பூசையன்று மாலை; மற்ற நாட்களிலே கடற்காற்றும் துருவும்!

“யார் தைக்கிறார்கள்?” என்று கேட்டோம். “யாரும் தொடக்கூடாதாம் ஐயா. குடும்பச் சொத்து, மூத்த மகன் என்பதால் அப்பாவிடம் இருக்கிறது” என்றாள். பாட்டியிடம் தொழில் கற்று, அதே பொறியில் ஆண்டுக்கணக்கில் தைத்த அத்தையோ, கணவனை இழந்தபின் செங்கற்பட்டில் ஒரு கடையிலே, பிறர் பொறியில், கூலிக்குத் தைக்கிறார்.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! கருவிக்கு உரியவர் யார்? பிறந்தவரா, உழைப்பவரா?

பொறி வானத்திலிருந்து வந்ததன்று. மனித மூளை ஈன்றது. 1830-இல் பிரெஞ்சுத் தையற்காரர் திமோனியே காப்புரிமை பெற்றார். பிழைப்புப் போகுமென அஞ்சிய தையற்காரர்கள் அவர் பொறிகளை உடைத்தனர். 1846-இல் ஓவே, 1851-இல் சிங்கர் எனப் பலர் அதனைத் திருத்தினர். எந்திரங்களை ஐயுற்ற காந்தியாரும் 1924-இல் இதற்கு விலக்களித்தார். ஏன்? அது மனிதரின் பாடு குறைக்கும் கருவி. பாடு குறைக்கப் பிறந்ததைப் பட்டுக்குள் சிறையிடுவதா பெருமை?

“நன்றி காட்டுகிறோம்” என்பர். நன்றி யாருக்கு? இரும்புக்கா, அதை மிதித்த காலுக்கா? மாலை இரும்புக்கு, கூலிவேலை அந்தக் காலுக்கு என்றால், அது நன்றியாகுமா?

“மகன் வழியே சொத்து” என்பர். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929-இல் இதே செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு முழங்கிற்று. குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என 1989-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. இப்பொறியோ பூர்வீகமும் அன்று, பாட்டியே ஈட்டியது. உயில் எழுதாது மறைந்த அவர் பொருளில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது.

ஆனால் பொறியை இரண்டாக அறுக்கலாமா? விற்றுப் பகிர்ந்தால் கணக்குத் தீரும். பழம்பொருள் வணிகர் வாங்குவார். அதன் இரும்புக் கால்கள் கடற்கரைச் சாலை விடுதி ஒன்றிலே மேசையைத் தாங்கும். சட்டம் நிறைவுறும், தைத்துப் பிழைக்கும் கைக்கோ கருவி இராது.

“உழைப்பவர்க்கே எல்லாம் என்றால், தைக்கத் தெரியாத மகன் பிள்ளை இல்லையா?” என்ற கேள்வியும் நியாயமானதே. அவர் பங்கை நாம் மறுக்கவில்லை. மதிப்பிலே பங்கு பிறப்பால் வரட்டும். கருவி, அதை இயக்கும் கைக்குச் செல்லட்டும். அண்ணனின் பாதியைத் தங்கை தம் வருவாயிலிருந்து தவணையாய்த் தரட்டும். இருவரும் இழப்பதொன்றுமில்லை. தாயின் நினைவு? ஊமையாய் நிற்கும் இரும்பைவிட, ஓடும் பொறியின் ஓசையிலே அது நன்றாகக் கேட்கும்.

இளைஞர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பொறி இருக்கலாம். துணியை விலக்குங்கள், எண்ணெய் விடுங்கள், பட்டையை மாட்டுங்கள். பிறகு அத்தையை அழையுங்கள்.