நாத்தம் நின்னுபோச்சு

“ஏன்டா, நீ படிக்கிற படிப்புல இதெல்லாம் சொல்லித் தர்றது இல்லியா?”

1993இல், சித்தப்பாவைப் புதைத்துவிட்டு வந்த ராத்திரி சித்தி என்னைக் கேட்டது இது. குத்திக் காட்டக் கேட்கவில்லை. தெரிஞ்சிக்கத்தான் கேட்டாள். அதனாலேயே அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

ஊரைவிட்டுத் தள்ளியிருந்த ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் அப்போது நான் பி.எஸ்ஸி. வேதியியல். துணைப்பாடம் உயிர்வேதியியல். எங்கள் தெருவிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குள் கால்வைத்த முதல் ஆள் நான். சித்தப்பா டேனரியில் கூலி. வடாற்காட்டில் பாலாற்றங்கரை நெடுக டேனரிகள். உள்ளே ஈரத்தில் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் நம்ம சனங்கள்.

சால்ட் அனாலிசிஸ் வகுப்பில் கிப்ஸ் அப்பரேட்டஸ் என்று ஒரு கண்ணாடிக் கருவி இருக்கும். உள்ளே இரும்பு சல்பைடு துண்டுகள். அமிலம் அதன்மேல் பட்டதும் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகின முட்டை நாத்தம். அதை உப்புக்கரைசலில் செலுத்தினால் செம்பும் ஈயமும் கறுப்பாக, காட்மியம் மஞ்சளாக அடியில் விழும். “ஃபேனைப் போடு, ஜன்னலைத் திற, மூஞ்சியக் கிட்ட கொண்டுபோகாதே” என்பார் ஆசிரியர். இன்னொன்றும் சொன்னார்: நாத்தம் அடிச்சா விலகு, நாத்தம் நின்னா ஓடு. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கும்போதே மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போகும். வாயு இருக்கும், நாத்தம் இருக்காது. காற்றைவிடக் கனம் என்பதால் குழியின் அடியிலேயே தங்கும்.

உயிர்வேதியியல் வகுப்பில் அதற்கு மேலும் சொன்னார்கள். மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனை செல்லுக்குள் கடைசியாகப் பயன்படுத்துவது சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி. சயனைடு அதை அடைத்துவிடும். காற்று இருந்தும் செல்லுக்கு மூச்சு முட்டும். ஹைட்ரஜன் சல்பைடும் அதே இடத்தில்தான் அடைக்கிறது. பரீட்சைக்குச் சயனைடு என்று எழுதினால் போதும். எழுதினேன். நல்ல மார்க்.

டேனரியில் தோலின் முடியைக் கழிக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள். பிறகு குரோமியத்தில் பதனிடுவதற்கு முன் அமிலத்திலும் உப்பிலும் தோலை ஊறவைப்பார்கள். இந்த இரண்டு கழிவுநீரும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் அந்தத் தொட்டியே கிப்ஸ் அப்பரேட்டஸ். கண்ணாடிக்குப் பதில் சிமெண்ட். உள்ளே சித்தப்பா. கூட இறங்கி உயிரோடு தூக்கப்பட்ட அண்ணன் ஆஸ்பத்திரியில் சொன்னார்: “மொதல்ல நாத்தம் தாங்கல. அப்புறம் நின்னுபோச்சு. சரி, கேஸ் போயிடுச்சுன்னு நெனச்சு இன்னும் கீழ எறங்குனோம்.”

சித்தி கேட்டது என் படிப்பில் இருந்தது. நான் வீட்டில் சொல்லவில்லை. ஏன்? ஹாஸ்டலில் சித்தப்பாவின் வேலையை மறைத்தேன். வீட்டில் என் படிப்பை மறைத்தேன், இவங்களுக்கு என்ன புரியப்போவுது என்று. இரண்டையும் தனித்தனிப் புட்டியில் மூடிவைத்தேன். படிப்பு என்னை மேலே தூக்கிவிட்டது என்று நம்பியிருந்தேன். மேலே வந்ததும் நான் முதலில் கற்றுக்கொண்டது மூக்கைப் பொத்த. இதை நான் என் குற்றமாகவே எழுதுகிறேன்.

ஆனால் இதோடு நிறுத்தினால் இன்னொருவன் தப்பித்துக்கொள்கிறான். நான் சொல்லியிருந்தால் சித்தப்பா இறங்காமல் இருந்திருப்பாரா? இறங்கலன்னா மறுநாள் வேலை இல்லை. ஓடணும்னு தெரிஞ்சவனும் ஓட முடியாத இடத்தில் அறிவு மட்டும் என்ன செய்யும்? சல்பைடை மூட்டைக்கணக்கில் வாங்குகிற கம்பெனிக்கு அது என்ன செய்யும் என்று தெரியாதா? எங்களுக்குத் தெரியாததால் மட்டும் அந்தச் சாவு வரவில்லை. தெரிந்தவர்கள் தெரிந்தே இறக்கினார்கள்.

“விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி” என்று பேப்பரில் போடுகிறார்கள். அந்த வாக்கியத்தில் கொலைகாரன் வாயு. வேதியியலில் அமிலமும் சல்பைடும் தாமாக நடந்துவந்து சேர்வதில்லை. ஒருவர் சேர்க்க வேண்டும். மனிதனையும் ஒருவர்தான் இறக்க வேண்டும். “கெமிஸ்ட்ரிக்கு ஏதுடா சாதி?” என்று கூடப் படித்தவன் கேட்டான். உண்மைதான், வாயு சாதி பார்க்காது. எவனை இறக்குவது என்று பார்க்கிறவன் பார்க்கிறான்.

அதே 1993இல்தான் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அது உலர்கழிப்பறையைப் பற்றிப் பேசியது. பாதாளச் சாக்கடைக்கும் செப்டிக் டேங்குக்கும் 2013 சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் பாதுகாப்புக் கவசம் கொடுத்தால் இறக்கலாம் என்ற இடுக்கு இருக்கிறது. செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. இழப்பீடு ஏறியது, இறங்குவது நிற்கவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் நாலு நாள் நாத்தம் அடிக்கிறது. அப்புறம் நின்றுபோகிறது. சமூகத்தின் மூக்கும் அதே விதிப்படிதான் மரக்கிறது போலும்.

சித்திக்கு இப்போது பதில் சொல்ல முடியும். இருந்துச்சு சித்தி, எல்லாம் இருந்துச்சு. நான் உங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். அது பாதிதான். தெரிஞ்சே இறக்குனவன்கிட்ட போய், “உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இதை விபத்துன்னு எழுதாதே” என்று கேட்கிறது மீதிப் பாதி. படித்தவர்கள் நாம் அதை இன்னும் சரியாகத் தொடங்கவில்லை.