பெட்டிக்குள் இருப்பவரும் மனிதரே



கார்த்திகை 2ஆம் நாளில் சேமக்காலைக்குச் சென்று நம்மவரின் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். பெயரும் உறவும் தெரியாத, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மரித்த ஒருவருக்கு நாம் ஏதேனும் கடமைப்பட்டிருக்கிறோமா?

1980இல் ஆனைக்கோட்டையில் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தபோது, பெருங்கற்கால மரபைச் சேர்ந்த ஈமக்குழியில் மனித எலும்புக்கூடும், எழுத்துப் பொறித்த சிறு முத்திரையும் வெளிப்பட்டன. முத்திரையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். எலும்புக்குரியவரைப் பற்றிப் பேசியது குறைவு.

அத்தனை காலமும் அவரை மண் காத்தது. இத்தகையோரை ஆய்வுக்காக வெளியே எடுப்பது குற்றமன்று. நம் முன்னோரை அறிய வேறு வழி ஏது? ஆனால் எடுத்த அன்றே மண் செய்துவந்த காவல் நம் தலையில் ஏறிவிடுகிறது.

அக்காவல் தவறுவது பெரும்பாலும் அற்ப காரியங்களால்தான். பீலியில் சருகு அடைக்கும். மாரியில் தண்ணீர் சுவரில் இறங்கும். மேல்மாடிக் குழாய் ஒரு விடுமுறை நாளில் வெடிக்கும். நனைந்த எலும்பில் பூஞ்சணம் பிடிக்கும், உலர்கையில் வெடிப்பு விழும். அதனினும் கொடியது, பெட்டியில் ஒட்டிய சீட்டின் மை கரைவது. எந்த ஊர், எந்தக் குழி என்ற செய்தியும் போனால் அம்மனிதர் இரண்டாம் முறை மரிக்கிறார்.

பிறேசிலின் தேசிய நூதனசாலை 2018 செப்டெம்பர் 2இல் எரிந்தது. குளிரூட்டும் இயந்திரத்தின் மின்கோளாறே காரணம் என விசாரணை கூறிற்று. சுமார் 11,500 ஆண்டுப் பழைமையான 'லூசியா' என்னும் பெண்ணின் மண்டையோடு அங்கிருந்தது. சாம்பலைக் கிளறி அதன் துண்டுகளிற் பெரும்பகுதியை மீட்டார்கள்.

1981இல் நமது நூலகத்தை எரித்தவர்களைக் குற்றஞ்சாட்ட நமக்குத் தெரியும். அடைபட்ட பீலிக்கு யாரைக் குற்றஞ்சாட்டுவோம்? 'விபத்து' என்று சொல்லிவிடுவோம். முன்னரே காணக்கூடியதைக் காணாதிருப்பது விபத்தல்ல, அசட்டை. நமது பாவசங்கீர்த்தனங்களில் இது அரிதாகவே வருகிறது!

“அவர் ஞானஸ்நானம் பெறாதவர்தானே?” என்பீர்கள். கடவுளின் சாயலுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் தேவையில்லை. தோபித்து அரசனின் கோபத்துக்கும் அஞ்சாது, மதிற்புறத்தில் எறியப்பட்டுக் கிடந்த உடல்களை அடக்கஞ் செய்தார். “உயிரோடிருப்பவர் கூரையே ஒழுகுகிறதே!” என்பது கனமான கேள்வி. அங்கே உயிருள்ளவருக்கே முதலிடம். ஆயினும் பெட்டிகளை நிலத்திலிருந்து உயர்த்த இரண்டு பலகையும், மேலே மூட ஒரு பொலித்தீன் விரிப்பும் எந்தக் குடும்பத்தின் கூரையையும் பறிக்கமாட்டா.

கட்டிடத்தில் மேசன் வேலை தொடங்குமுன் களஞ்சியப் பொறுப்பாளருக்கு ஒரு வார்த்தை சொல்லட்டும். மாரிக்கு முன் யாராவது ஏணி வைத்து ஏறிப் பீலியைப் பார்க்கட்டும்.