நிகாஹுக்கு முன் கறுப்புச் சாயம்



சில தினங்களுக்கு முன் ஒரு தாயாரும் அவருடைய மகனும் நம்மைத் தேடி வந்தார்கள். மகனுக்கு வயது 31. வளைகுடாவில் வேலை. 25 வயதிலேயே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. உடன் தங்கியிருந்தவர்கள் 'சாச்சா, சாச்சா' என்று கேலி பேச, அது பொறுக்காமல் கறுப்புச் சாயம் பூசத் தொடங்கியவர், ஆறு வருடங்களாக விடாமல் பூசி வந்திருக்கிறார். இப்போது நிகாஹ் பேசி முடித்து, நாள் குறிக்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பெண் வீட்டாருக்குக் கைப்பேசியில் அனுப்பிய படத்திலும், அவர்கள் நேரில் வந்து பார்த்த அன்றும் மாப்பிள்ளையின் தலை கன்னங்கரேலென்றுதான் இருந்தது. இந்நிலையில் ஒரு ஜும்ஆ பயானைக் கேட்டு மனம் கலங்கிப்போய், "இந்தச் சாயத்தை எடுத்துவிட வேண்டும் ஹஜ்ரத், என்ன செய்வது?" என்று கேட்டார்.

அவர் சொல்லி முடிக்கும் முன் தாயார் அழுதுவிட்டார். "நிகாஹ் முடியட்டும் ஹஜ்ரத், அப்புறம் எடுத்துக்கட்டும். இப்ப நரைச்ச தலையோட நின்னா சம்பந்தம் முறிஞ்சிடும். இவனுக்கு இளைய குமரு ரெண்டு வீட்ல இருக்கு" என்றார். அந்தத் தாயின் கண்ணீரை நாம் இலேசாக எண்ணவில்லை. பல வீடுகளில் வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கும் விஷயம் இது என்பதால்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலாவதாக, நரை ஓர் இழிவன்று. இஸ்லாத்தில் இருக்கும் நிலையில் ஒருவருக்கு உண்டாகும் நரை மறுமையில் அவருக்கு ஒளியாக அமையும் என்ற கருத்தில் நபிமொழி வந்துள்ளது. நரைத்த முடியைப் பிடுங்குவதும் தடுக்கப்பட்டுள்ளது. எனினும் நரைக்கு நிறம் கொடுப்பதை மார்க்கம் தடுக்கவில்லை, விரும்பியே சொல்லியிருக்கிறது. மக்கா வெற்றியின் போது, அதாவது ஹிஜ்ரி 8-ம் ஆண்டில், ஹள்ரத் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் தந்தையார் அபூகுஹாஃபா (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருச்சமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். முதிர்ந்த வயது. தலையும் தாடியும் 'ஸகாமா' என்னும் செடியின் பூவைப் போல் வெள்ளை வெளேரென்று இருந்தன. அந்த வெண்மையை மாற்றும்படியும், கறுப்பை மட்டும் தவிர்க்கும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீது.

எதைக் கொண்டு மாற்றுவது? மருதோன்றியும் 'கதம்' என்னும் செடியும் சிறந்தவை என்பது நபிமொழி. ஸித்தீக் (ரலி) அவர்கள் இவ்விரண்டையும் கலந்து இட்டார்கள். ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் மருதோன்றியை மட்டும் இட்டார்கள். இரண்டும் கலந்தால் கருஞ்சிவப்பு நிறம் வரும். சுத்தக் கறுப்பு வராது.

கறுப்பைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஷாபிஈ மத்ஹபில் அது ஹராம் என்பதே சரியான சொல் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தீர்த்துரைக்கிறார்கள். ஹனபி மத்ஹபில் அது மக்ரூஹ் என்பது பெரும்பாலோர் கருத்து. போர்க்களத்தில் எதிரிக்கு இளமையாகத் தோன்றுவதற்காக என்றால் இரு மத்ஹபிலும் அனுமதி உண்டு. இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களோ, மனைவி தனக்காக அலங்கரிப்பதைக் கணவன் விரும்புவது போலவே மனைவியும் விரும்புவாள் என்ற காரணத்தைச் சொல்லி இடம் கொடுத்ததாக வந்துள்ளது.

பையனுடைய தாய்மாமா இந்தக் கடைசிச் சொல்லை எங்கோ கேட்டுவிட்டு, 'ஹனபியிலே கூடுமாமே' என்று வீட்டில் வாதாடியிருக்கிறார். (வசதியான சட்டம் கிடைத்தால் மட்டும் மத்ஹபு மாறுகிற தாய்மாமாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.) ஆனால் அந்த இமாமவர்கள் பேசுவது யாரைப் பற்றி? தன்னுடைய நரையை நன்றாக அறிந்திருக்கும் மனைவிக்காக அலங்கரித்துக்கொள்ளும் கணவனைப் பற்றி. அங்கே யாரும் ஏமாறவில்லை. இங்கே இன்னும் நிகாஹே ஆகவில்லை. பெண்ணுக்கும் அவள் வலிக்கும் உண்மை தெரியாது. அந்தச் சொல்லை இந்த இடத்துக்கு இழுத்து வருவது பொருந்தாது.

இதைவிட நேராக இவ்விஷயத்துக்குப் பொருந்தும் ஹதீது ஒன்று புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒரு பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மகள் மணமானவள் என்றும், நோய் கண்டு அவளுடைய தலைமுடி உதிர்ந்துவிட்டது என்றும், வேறு முடியை வைத்து இணைக்கலாமா என்றும் கேட்டார். எவ்வளவு இரக்கத்துக்குரிய நிலை! எனினும் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி தரவில்லை. முடியை இணைப்பவளையும் இணைக்கச் சொல்பவளையும் சபித்தார்கள். எல்லோர் மீதும் பேரன்பு கொண்ட நபியவர்கள் ஒரு தாயின் கவலைக்காகவும் இதைத் தளர்த்தவில்லை என்றால், நம் வீட்டுத் தாயாருக்கு நாம் என்ன சொல்ல முடியும்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஒரு சம்பவத்தைக் குறிப்பிடுகிறார்கள். ஹள்ரத் உமர் (ரலி) அவர்களின் காலத்தில் கறுப்புச் சாயமிட்ட ஒருவர் மணம் முடித்தார். பிறகு சாயம் போய் நரை வெளிப்பட்டது. பெண் வீட்டார் கலீபாவிடம் முறையிட, அவர்கள் அந்த நிகாஹைத் தள்ளி, இளமை காட்டி மக்களை ஏமாற்றியதற்காக அவரைத் தண்டித்தார்கள். பொதுவாக ஃபிக்ஹு நூல்களில் நிகாஹை முறிக்கும் குறைகளில் நரை எண்ணப்படவில்லை; ஆகவே இப்படி நடந்த நிகாஹெல்லாம் செல்லாது என்று யாரும் பயந்துவிட வேண்டாம். நிகாஹ் கூடும். ஏமாற்றிய பாவம் தனியே கழுத்தில் கிடக்கும்.

மேலும், மணம் பேசுமுன் பார்த்துக்கொள்ளும்படி முகீரா (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். இருவரிடையே அன்பு நிலைக்க அதுவே ஏற்றது என்பது காரணம். மாப்பிள்ளை பார்ப்பது பெண்ணின் முகத்தையும் முன்கைகளையும். அவள் தலைமுடி அவருக்குத் தெரியாது. பெண் பார்ப்பதோ மாப்பிள்ளையின் தலையையும் தாடியையும் சேர்த்து. அவள் பார்த்தது பொய்யான தலை என்றால் அந்தப் பார்வைக்கு என்ன பயன்?

இனி, எடுப்பது எப்படி? பையன் சலூனில் விசாரித்து, 'ப்ளீச்' செய்தால் போய்விடும் என்று கேட்டு வந்திருந்தார். அவசரப்பட வேண்டாம் என்றோம். இன்று கடையில் விற்கும் நிரந்தரச் சாயங்களில் பெரும்பாலானவை முடியின் மேல் படிவதல்ல. பாராஃபெனிலீன்டையமின் போன்ற மருந்துகள் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்ந்து முடியின் உள்ளே புகுந்து அங்கேயே நிறமாகிவிடுகின்றன. எண்ணெயாலும் சீயக்காயாலும் அது முழுதாகப் போகாது. ப்ளீச் செய்தால் கறுப்பு போய்ச் செம்பட்டையும் மஞ்சளுமாக நிற்கும். முடியும் முறியும், தலைத்தோலும் எரியும். சில மலிவுச் சாயங்களில் உலோக உப்புகள் கலந்திருக்கும். அவற்றின் மேல் ப்ளீச் பட்டால் சூடேறி முடியே கருகவும் கூடும். கறுப்பின் மேல் மருதோன்றி பூசினால் அது வெளுக்காது.

ஐரோப்பாவில் பிறவியிலேயே பொன்னிற முடியுள்ள முஸ்லிம் பெண்கள் உண்டு. அவர்களில் ஒருத்தி விளையாட்டாகக் கறுப்பிட்டுவிட்டு, தன் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டுமென்றாலும் சங்கதி இதுவே. ப்ளீச் சாயத்தை மட்டும் எடுக்காது, அல்லாஹ் தந்த நிறத்தையும் சேர்த்தே எடுக்கும். அவளுடைய பழைய நிறம் வேரிலிருந்து புதிதாக வளர்ந்துதான் வர வேண்டும்.

முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். நான்கு மாதம் கையிலிருக்கிறது. இன்றோடு சாயத்தை நிறுத்துங்கள்; மூன்று மாதம் சென்றதும் சாயமிட்ட பகுதியை முழுதும் வெட்டிவிடுங்கள்; நின்ற முடிக்கு விரும்பினால் மருதோன்றி இடுங்கள் என்றோம். மொட்டையடிப்பதும் கூடும்தான், ஆனால் அதைச் சொன்னபோது தாயார் பார்த்த பார்வையில் நாம் பேச்சை மாற்றிக்கொண்டோம்.

ஆறு வருடத் தொழுகை என்னாகும் என்றும் பையன் கேட்டார். வெறும் நிறம் தண்ணீரைத் தடுக்காது; ஆகவே ஒளுவும் கடமையான குளிப்பும் கூடியிருக்கின்றன. களா செய்யத் தேவையில்லை. நகப்பூச்சைப் போல் படலமாக ஒட்டிக்கொள்ளும் பொருள்தான் தடுக்கும். மருதோன்றி விழுதையும் கழுவிய பிறகே ஒளுச் செய்ய வேண்டும்; அதன் சிவப்பு இருப்பதால் குறையில்லை.

மிஞ்சியது பெண் வீட்டாரிடம் சொல்வது. தலை வளர்ந்து தானே தெரியட்டும் என்று விட்டுவிடலாமா என்றார் தாயார். கூடாது, இந்த வாரமே சொல்ல வேண்டும், பத்திரிகை அடிக்கும் முன் சொல்ல வேண்டும் என்றோம். பெண்ணின் தகப்பனாரிடம் பையனே போய், தொப்பியை எடுத்துவிட்டு, வேரில் வெளுத்திருக்கும் இடத்தைக் காட்டி, 25 வயதில் வந்தது, மறைத்தது தவறு என்று சொல்லட்டும். அவர்கள் மறுத்தால் அது அவர்கள் உரிமை. குறை சொல்லக் கூடாது.

பையன் போனார். தகப்பனார் அரை மணி நேரம் பேசவில்லையாம். உள்ளே போய் மகளிடம் கேட்டு வந்து, "இருபத்தஞ்சுலயா?" என்று மட்டும் திரும்பக் கேட்டாராம். பத்து நாள் தவணை கேட்டிருக்கிறார்கள். இதை எழுதும் நேரம் வரை பதில் வரவில்லை. தாயார் தினமும் தஹஜ்ஜுதில் துஆச் செய்கிறார், நம்மையும் செய்யச் சொல்லியிருக்கிறார், நீங்களும் செய்யுங்கள்.